பாடிப் போனவள்

செம்மணல்விளை பெண்கள் கல்லூரி மைதானத்தில், மண்டலக் கபடிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஆளுக்கு இருபத்துமூன்று புள்ளி என்று இரண்டு பக்கமும் சமமாக நின்ற கடைசி நிமிஷத்தில், முத்துப்பேச்சி என்கிற பத்தொன்பது வயசுப் பெண் கபடி கபடி என்று பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போனாள். போனவள் திரும்பவில்லை, பிடிபடவும் இல்லை. முதலில் பாதங்கள் தெரியாமல் போயின, பிறகு முழங்கால், பிறகு நீலப் பனியனும் அதன் முதுகில் தைத்திருந்த ஏழாம் எண்ணும், கடைசியில் கோட்டுக்கு வெளியே யாரையோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த முகமும் போயிற்று. பாட்டு மட்டும் நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்து மண்ணில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக அது அலைந்துகொண்டே இருந்தது.

அப்போது எங்கள் வட்டாரத்தில் பாட்டுக்கு விநாடிக் கணக்கு வந்திருக்கவில்லை, மூச்சுதான் கணக்கு. ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், எதிராளியைத் தொட்டு, மூச்சு அறுமுன் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். அந்தப் பக்கத்திலேயே பிடித்து அமுக்கி மூச்சை விட வைத்துவிட்டால் அவுட். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தாயிற்று என்றாலும், நடந்துகொண்டிருக்கிற பாட்டு முடிகிறவரை ஆட்டம் முடியாது என்பது சட்டம். நடுவர் சிவஞானம் சாரோ தன் கல்யாணத்தில் தாலி கட்டின நேரத்தையே கைக்கடிகாரத்தில் சரிபார்த்தவர் என்று பேர் வாங்கினவர். அவர் விசிலை வாயில் வைத்தபடி ஒரு மணி நேரம் நின்றார். எதிரணியான மலையடிக் கல்லூரியின் மிச்சமிருந்த நான்கு பெண்களும், தலைவி ரூபியோடு, கைகோத்தபடியே குரல் போகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி நின்றார்கள். ஐந்தே முக்காலுக்கு அவர்களுடைய ஊருக்குக் கடைசி பஸ். டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்த பிறகு, விருந்து வீட்டில் சொல்லாமல் கிளம்புகிறவர்கள் மாதிரி ஒவ்வொருத்தியாகக் கையை விட்டுவிட்டுப் போனார்கள். சிவஞானம் சார் புள்ளித் தாளில் 'பாட்டு நடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டு, தாளைப் பையில் வைத்துக்கொண்டார்.

செம்மணல்விளை அணிக்குப் பயிற்சியாளர் ஜெபக்கனி. மாணவிகள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பத்திரம் மேடம். யார் பாடப் போனாலும் 'பத்திரமா வாட்டி' என்றுதான் அனுப்புவார். இருபத்திரண்டு வயசில், மாநில அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டத்தில், யார் பேச்சையும் கேட்காமல் ஐந்து பேருக்கு நடுவில் தனியாக இறங்கி இடது முழங்காலை முறித்துக்கொண்டவர் அவர். அந்தக் கால் இன்னமும் மடங்காது. அன்றையிலிருந்து உலகத்தில் வெறுங்கையோடு திரும்பி வருவதைப் போல நல்ல காரியம் வேறில்லை என்று அவருக்குத் தீர்மானம் ஆகிவிட்டது. தொட முடிகிற இடத்திலும் தொடாமல் வரச் சொல்வார். முன்னிலையில் இருந்தால் முன்னிலையைக் காக்கச் சொல்வார், பின்னால் இருந்தால் இன்னும் பின்னால் போகாமல் இருக்கச் சொல்வார். அப்படியே எட்டு வருஷமாக எட்டு இரண்டாம் பரிசுக் கோப்பைகள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றில் தாவரவியல் அம்மா பென்சில் போட்டு வைத்திருந்தார்.

அவர் அணியில் யாரும் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கக் கூடாது. ஜெபக்கனியின் வலது தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். பாடப் போனவள் எதிர்ப்பக்கம் வளையவந்தபடி கோட்டுக்கு வெளியே ஒரு பார்வை பார்க்க வேண்டும். துண்டு தோளிலேயே இருந்தால் திரும்பி வா. துண்டு தரையில் விழுந்தால் உள்ளே இறங்கு. எட்டு வருஷத்தில் அது விழுந்தது நான்கு தடவையோ ஐந்து தடவையோதான். வீட்டில் அம்மா பேச்சைக் கேட்காத பெண்கள்கூட அந்தத் துண்டின் பேச்சைக் கேட்டார்கள், அதற்குத்தான் மற்றக் கல்லூரிக்காரர்கள் ஜெபக்கனியைப் பாராட்டுவார்கள்.

அன்றைக்குத் துண்டு என்ன சொன்னது என்பது ஜெபக்கனிக்கு மட்டும்தான் தெரியும். ஊரே பேச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்திருந்தார். வெறுங்கையோடு வந்தால் சமம், இன்னும் ஐந்து நிமிஷம் ஆடலாம், களைத்துப்போன பிள்ளைகளை வைத்துக்கொண்டு பத்திரமாகத் தோற்கலாம். உள்ளே இறங்கினால் வலது மூலையில் ரூபி கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறாள், பேச்சியின் கைக்கு எட்டுகிற தூரம், தொட்டுவிட்டால் ஒன்பதாம் வருஷம் முதல் பரிசு. விடலாம் என்று இரண்டு விரலைத் தளர்த்தினார். தன் முழங்கால் அன்று முறிந்த சத்தம் காதில் கேட்டது. விரலை இறுக்கினார். துண்டு தோளுக்கும் போகவில்லை, தரைக்கும் போகவில்லை, கையிலேயே தொங்கியது. பேச்சி ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை பார்த்தபோது அவளுக்குப் பாதம் இல்லை.

விசாரணையில் முதல்வர் கேட்டார், "நீங்க என்ன சைகை காட்டினீங்க?"

"திரும்பி வரச் சொன்னேன்" என்றார் ஜெபக்கனி. மாணவி பயிற்சியாளரின் சொல்லை மீறினாள் என்று எழுதி முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கூட்டம் வந்தது. பட்டாணி விற்றவர்களும் வந்தார்கள். யாரோ மூலையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், முதல்வர் எடுக்கச் சொன்னார், மறுநாள் இரண்டு பழம் இருந்தது. அப்புறம் எல்லாருக்கும் வேலை இருந்ததால் கூட்டம் கலைந்தது. மைதானத்தின் அந்தப் பாதியில் யாரும் ஆடுவதில்லை, வாலிபால் வலையைத் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். மைதானத்தை ஒட்டிய வகுப்புகளில் பேராசிரியைகள் பாட்டு தூரத்து மூலைக்குப் போகும்போது பாடத்தைச் சொல்லி, கிட்டத்து மூலைக்கு வரும்போது கரும்பலகையில் எழுதப் பழகினார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பேனா அந்தத் தாளத்துக்கே ஓடியது. மூச்சிரைப்புக்காரர்கள் சாயங்காலம் வந்து வேலிப்பக்கம் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து மூச்சுப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் தேவலை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பஸ் கண்டக்டர்கள் கல்லூரி நிறுத்தத்துக்குப் 'பேச்சி ஸ்டாப்' என்று குரல் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் பாட்டு நனைந்து கனத்துக் கேட்டது, கோடையில் காய்ந்து கேட்டது. தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறந்து வந்து அந்தப் பாதியை மூடினாலும், காலையில் பார்த்தால் இரண்டு கால் தடம் மூலைக்கு மூலை புதிதாக ஓடியிருக்கும். பெருக்குகிற அம்மா அதை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குவாள்.

மண்டலக் குழு கடிதம் போட்டது, ஆட்டத்தைத் திரும்ப வைத்துக்கொள்ளலாமே என்று. மலையடிக்காரிகள் மாட்டோம் என்றார்கள். "எங்க பக்கத்துல பாடிக்கிட்டு இருக்கா, அவ முடிக்கட்டும்" என்று ரூபி எழுதிக் கொடுத்துவிட்டாள். கோப்பை பெயர் பொறிக்கப்படாமல் எங்கோ ஒரு பீரோவில் கிடந்தது. ஒவ்வொரு மாசியிலும் அந்தத் தேதியில் நான்கு பேரும் பஸ் பிடித்து வந்து, அதே இடத்தில் கைகோத்து நின்று, கடைசி பஸ்ஸுக்குப் போனார்கள். ஒரு வருஷம் ஒருத்தி கழுத்தில் புதுத்தாலியோடு வந்தாள். இன்னொரு வருஷம் ஒருத்தி நிறைமாத வயிற்றோடு வந்து வெயிலில் நின்றாள். ரூபி போலீசில் சேர்ந்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சிவஞானம் சார் பணி ஓய்வு பெற்ற பிறகும் விசிலோடு வந்தார். பேச்சிக்குத்தான் வயசே ஏறவில்லை, பாட்டில் அதே பத்தொன்பது வயசுதான் கேட்டது.

ஜெபக்கனி தினமும் வந்தார். முதல் நாளே, கூட்டம் போன பிறகு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு "வந்துருட்டி" என்று கூப்பிட்டார். பாட்டு நடுக்கோடு வரைக்கும் வந்தது. அவர் முகத்தில் அதன் சூடு பட்டது. கோட்டைத் தாண்டவில்லை, ஏதோ மறந்து வைத்தவள் மாதிரி திரும்பி உள்ளே போய்விட்டது. மறுநாளும் அப்படியே, அடுத்த வருஷமும் அப்படியே. துண்டைக் கீழே போட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கீழே போட்டு, அவள் இறங்கி, பிடிபட்டு அவுட் ஆகிவிட்டால்? ஆள் இல்லாதவள் அவுட் ஆனால் எங்கே போய் உட்காருவாள்? மிச்சம் இருக்கிற இந்தக் குரலும் போய்விடாதா? அதனால் அவர் துண்டைத் தோளை விட்டு இறக்கவே இல்லை. குளிக்கும்போதும் கைக்கெட்டும் ஆணியில்தான் மாட்டுவார். அதற்குப் பின் யாரையும் எந்த ஆட்டத்துக்கும் அவர் அழைத்துப் போகவில்லை. அணியை ஒரு ஜூனியர் மேடம் பார்த்துக்கொண்டார்.

அவரைத் தவிர தினமும் வருகிற இன்னொரு ஆள் பேச்சியின் அம்மா மாடத்தி. உப்பளத்தில் விடியுமுன் இறங்கி வேலை பார்த்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குக் கால் வெடிப்பெல்லாம் வெள்ளையாக, தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பியோடு கோட்டோரம் வந்து உட்காருவாள். ஒரு டம்ளர் ஊற்றிக் கோட்டின் மேல் வைப்பாள், ஆறினதும் தானே குடிப்பாள். வந்த கையோடு மகளை ஏசுவது வழக்கம். "சொன்னத கேக்காத மூதேவி. டீச்சர் வரச் சொன்னாவல்லா, வந்தா என்னட்டி? அப்படி என்ன திமிரு?" பாட்டு அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்து ஒலித்துவிட்டுப் போகும். ஜெபக்கனி அதையெல்லாம் பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இந்த உலகத்தில் அவருக்குக் கிடைத்த தண்டனை அதுதான்.

பதினோராம் வருஷம் தை மாசத்தில் பாட்டு மெலிந்தது. மூலையிலிருந்து மூலைக்கு முப்பது கபடி சொன்னவள் இருபது சொன்னாள், பொங்கல் கழிந்ததும் பன்னிரண்டு. நடுநடுவே எழுத்துகள் உதிர்ந்தன. மூச்சிரைப்புக்காரர்கள் அவளோடு மூச்சுப் பிடிப்பதை விட்டுவிட்டு, அவளுக்காகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். வகுப்பில் பேராசிரியைகள் பாதி வாக்கியத்தில் நின்று காதுகொடுத்தார்கள். கல்லூரியே தூங்காமல் நோயாளிக்குக் காவல் இருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மதியம் ஜெபக்கனி மாடத்தியின் பக்கத்தில், மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க டீச்சர்."

"அன்னைக்கு நான் அவள வரச் சொல்லல."

மாடத்தி காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தாள். "போவச் சொன்னியளா?"

"அதுவும் சொல்லல. துண்டு கையிலயே இருந்துச்சு. அவ மூணு தடவ பாத்தா. எனக்கு மனசு வரல, எதுக்கும் வரல. கேட்டவங்ககிட்ட வரச் சொன்னேன்னு பொய் சொல்லிட்டேன்."

மாடத்தி டம்ளரைக் கோட்டின் மேல் வைத்தாள்.  பாட்டு போகிற பக்கம் திரும்பினாள்.

"பதினோரு வருசமா எம்புள்ளய ஏசியிருக்கேன்" என்றாள். "சொன்னத கேக்காதவன்னு இந்தக் கோட்டுல உக்காந்து ஏசியிருக்கேன். அவளும் கேட்டுக்கிட்டுத்தான இருந்திருப்பா."

"மன்னிச்சிருங்கக்கா."

"அது கெடக்கட்டும். இப்பவாவது ஒண்ணச் சொல்லுங்க அவகிட்ட."

"வான்னா வரமாட்டேங்கா. உள்ள எறங்குன்னு சொல்லி, பிடிச்சிட்டாங்கன்னா? ஆளே இல்லக்கா, பாட்டுதான் இருக்கு. அவுட் ஆனா அதுவும் போயிரும். இப்ப சத்தமாவது பத்திரமா இருக்கு."

"பத்திரமா, பத்திரமான்னு சொல்லுதிய" என்றாள் மாடத்தி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இதுல பத்திரமா இருந்தது நீங்க மட்டுந்தான் டீச்சர்."

பிறகு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள். "காப்பியக் குடிங்க, ஆறுது." ஜெபக்கனி வாங்கிக் குடித்தார். 

மாசியில் அந்தத் தேதி வந்தது. வெயில் தாழ்ந்த நாலரை மணிக்கு நான்கு பெண்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். முப்பது வயசைத் தாண்டிய உடம்புகள், ஒருத்திக்கு மூக்குக்கண்ணாடி. சிவஞானம் சார் பழைய தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். மாடத்தியோடு அவளுடைய இளைய மகள் பிரம்மசக்தி வந்திருந்தாள், அக்கா பாடப் போனபோது எட்டு வயசுப் பிள்ளை. வேலிக்கு வெளியே கல்லூரி முழுக்க நின்றது.

ஜெபக்கனி நடுக்கோட்டருகே போய் ரூபியைக் கூப்பிட்டார். "இன்னைக்குத் துண்டு கீழ விழும்."

ரூபி புடவைச் செருகலை இறுக்கிக்கொண்டாள். "விழுந்தா நாங்க நெசமாவே பிடிப்போம் மேடம்."

"விட்டுக்குடுத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். பிடிங்க."

துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அன்றைக்குப் போலவே அது கையில் தொங்கியது, அன்றைக்குப் போலவே முழங்கால் முறிகிற சத்தம் காதுக்குள் கேட்டது. பாட்டு கிட்டத்து மூலைக்கு வந்து, அவருக்கு நேராக நின்று, ஒரே இடத்தில் தள்ளாடித் தள்ளாடி ஒலித்தது. பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இந்தக் குரலை இனிமேல் கேட்கவே போவதில்லை என்று மனசு அடித்துச் சொன்னது. ஐந்து விரலையும் விரித்தார். துண்டு செம்மண்ணில் விழுந்தது.

பாட்டு உயர்ந்தது. பதினோரு வருஷம் சேமித்து வைத்திருந்தவள் போல, உதிர்ந்த எழுத்தெல்லாம் திரும்பக் கூடி, கபடி கபடி கபடி என்று மைதானம் அதிர, வலது மூலையைப் பார்க்கப் பாய்ந்தது. ரூபியின் கணுக்காலில் பட்டென்று ஓர் அடி விழுந்தது, அது வேலிவரைக்கும் கேட்டது. "தொட்டுட்டா" என்று கத்திக்கொண்டே ரூபி ஒன்றுமில்லாத காற்றை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். மற்ற மூன்று பேரும் மேலே விழுந்தார்கள். நான்கு புடவையும் ஒரே குவியலாக நடுக்கோட்டைப் பார்த்து இழுபட்டது, அடியில் யாரோ மண்ணை நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி ஊர்ந்தார்கள், புழுதிக்கு நடுவில் பாட்டு விடாமல் வந்துகொண்டே இருந்தது. வேலிக்கு வெளியே ஒருவரும் மூச்சு விடவில்லை. கபடி என்றது. கபடி என்றது. க என்றதோடு நின்றது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் செம்மணல்விளை அமைதியானது. அந்த அமைதியில் பலருக்குக் காது வலித்தது. தாவரவியல் அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

புழுதி அடங்கியபோது சிவஞானம் சார் மண்டியிட்டுக் குனிந்திருந்தார். குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, செம்மண் படிந்த வியர்த்த கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. கோட்டுக்கும் அந்தக் கைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. அவர் அதை இரண்டு தடவை அளந்து பார்த்தார். எழுந்து, விசிலை ஊதி, மலையடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவுட்" என்றார். 

நான்கு பெண்களும் உருண்டு விலகினார்கள். முத்துப்பேச்சி நீலப் பனியனோடு எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். அது நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஆடத் தெரிந்த எவளும் செய்வதைச் செய்தாள்: எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கோட்டுக்கு வெளியே போய், அவுட் ஆனவர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவுதானா, இதற்குத்தானா பதினோரு வருஷம் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டார் ஜெபக்கனி. மாடத்தி ஓடிப்போய் மகளின் தலையை மடியில் இழுத்துக்கொண்டு, ஏச வார்த்தை கிடைக்காமல் முதுகை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். தன் வயசிலேயே தன் முகத்தோடு ஒருத்தி தண்ணீர்ச் செம்பை நீட்டுவதைப் பேச்சி கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள். வாங்கிக் குடிக்கவில்லை. ஜெபக்கனியின் நரைத்த தலையையும் காலடியில் கிடந்த துண்டையும் பார்த்தாள்.

"மேடம், முதல்ல நான் பாத்தப்ப துண்டு தோள்ல கெடந்துச்சா, கீழ கெடந்துச்சா? எனக்குச் சரியாத் தெரியல. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு உள்ளயே கெடந்து தவிச்சிட்டேன்."

வேலிக்கு வெளியே கல்லூரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டுலயும் இல்லட்டி" என்றார் ஜெபக்கனி. "கையிலதான் வச்சிருந்தேன்."

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றாள் முத்துப்பேச்சி. செம்பை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.